பதினாறு குழந்தைகள்

1947ஆம் ஆண்டில், கடும் குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு மருந்தில்லை என வைத்தியர்கள் கைவிரித்தனர். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் அத்தகைய குழந்தைகளுக்குப் போலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் விரைந்து வளர்வதாகவே தோன்றிற்று.

அத்தோல்வியே வழிகாட்டியது. உயிரணு பெருகுதற்கான மரபுப்பொருளை ஆக்க அவ்வமிலம் வேண்டும். எனவே, அதனைப் போன்றிருந்து அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்தெரினை அவர் நாடினார். அதனை வழங்கியது, சென்னையில் மருத்துவம் பயின்ற தெலுங்கரான எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆய்வுக்குழு. (அவரும் நம்மைப்போல் கடல்கடந்து வாழ்ந்தவரே, அகதியல்லர்.)

1948இல் வெளியான அறிக்கையின்படி, 16 குழந்தைகளில் 10 பேர் தேறினர். ஆயினும் நோய் மீண்டது. பெற்றோருக்குக் கிடைத்த அக்குறுகிய காலத்தை நாம் சிறிதெனக் கூறத் துணியோம். அவ்வாண்டே சுப்பாராவும் காலமானார். அமினோப்தெரினின் இனத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட் இன்றும் இந்நோய்க்குக் கொடுக்கப்படுகிறது.