நிலத்தின் அருவுருவம்: அயர்லாந்து ஓவியர் டோனி ஓ'மாலி

அயர்லாந்தின் நாட்டுப்புறம் என்றவுடன் பிறநாட்டார் மனக்கண்முன் தோன்றும் காட்சி ஒன்று உண்டு. நீலமலை ஒன்று, அதன்மேல் திரண்டெழுந்த வெண்முகில், மலையடியில் வைக்கோல் வேய்ந்த வெள்ளைக் குடில், அருகே, எரிப்பதற்கென வெட்டி உலர்த்தி அடுக்கிய சதுப்புமண் கட்டிகள். இக்காட்சியை நிலைநாட்டியவர் பால் ஹென்றி என்னும் ஓவியர். பெல்பாஸ்டில் பிறந்து பாரிசில் பயின்ற அவர், 1910இல் மேயோ மாவட்டத்து அக்கில் தீவுக்குச் சென்று 1919 வரை அங்குத் தங்கினார். 1920களில் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் இருப்புப்பாதை நிறுவனம் அவர்தம் ஓவியத்தைச் சுவரொட்டியாக அச்சிட்டுச் சுற்றுலாப் பயணிகளை அழைத்தது. அன்றுதொட்டு ஓர் ஓவியரின் பார்வை ஒரு நாட்டின் முத்திரை ஆயிற்று.

ஹென்றியைக் குறை கூறுதல் எமது நோக்கமன்று. அவர்தம் தொடக்ககால ஓவியங்களில் கிழங்கு அகழ்வோரும் படகு தள்ளுவோரும் உள்ளனர். பிற்காலத்தனவற்றில் மக்கள் மறைந்துவிட, மலையும் முகிலும் குடிலுமே எஞ்சின. சுவரொட்டியாகிப் பரவியவை இவைதாம். அந்நிலத்தில் ஏன் மக்கள் இல்லை என்னும் வினாவுக்கு வரலாறு விடை கூறும். 1845 முதல் 1852 வரை, கிழங்குப் பயிரை அழித்த நோயால் நேர்ந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கடல் கடந்தனர். மேயோ மாவட்டம் மிகக் கொடிதாகத் தாக்குண்ட பகுதிகளுள் ஒன்று. அக்கில் தீவின் சிலீவ்மோர் மலைச்சரிவில் கைவிடப்பட்ட வீடுகளின் கற்சுவர்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. மேற்குக் கரையின் குன்றுகளில், சாய்வெயில் படும் வேளையில், புல்லின் அடியிலிருந்து பழைய கிழங்குப் பாத்திகளின் வரிகள் புடைத்துத் தோன்றும். உழுதவர் போயினர், உழுத வடு போகவில்லை. இவ்வடுவை எட்ட நின்று காணும் காட்சியோவியம் காட்டவல்லதன்று என்பதே எமது கருத்து. காட்சிக்கு அழகு வேண்டும்; அழகுக்குத் தொலைவு வேண்டும்.

எனின், அந்நிலத்திலேயே பிறந்த ஓவியன் அதனை எவ்வாறு தீட்டுவது? இவ்வினாவுக்கு ஒருவர் கண்ட விடையை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. அதற்குமுன் கலைச்சொல் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். பொருளின் உருவை முற்றும் துறவாமலும் முற்றும் பின்பற்றாமலும் தீட்டும் முறையை 'அரை அருவம்' என்பாருளர். அச்சொல், பாதி வழியில் கால் ஓய்ந்து நின்றுவிட்டவனை நினைவூட்டுகின்றது. சைவ நூல்கள் உருவம், அருவம், அருவுருவம் என மூன்று கூறும். அவற்றுள் அருவுருவம் மற்ற இரண்டின் பாதியன்று, தனித்ததொரு நிலை. சமயப் பொருளை நீக்கிச் சொல்லை மட்டும் யாம் ஈண்டுக் கடன் கொள்கின்றோம்.

அயர்லாந்தில் அருவ ஓவியம் எளிதில் வேரூன்றவில்லை. பாரிசில் பயின்று திரும்பிய மேய்னி ஜெல்லட் என்னும் பெண்மணி 1923இல் டப்ளினில் தம் அருவ ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தபோது எழுந்தது எள்ளலே. புதுமுறை ஓவியர்க்கென நிலையான ஆண்டுக் காட்சி ஒன்று அமைந்தது 1943இல்தான். அதன் முதல் தலைவராக விளங்கிய ஜெல்லட் அடுத்த ஆண்டே மறைந்தார்.

யாம் கூறவந்த டோனி ஓ'மாலி இவ்வியக்கத்தின் நடுவில் வளர்ந்தவரல்லர், கலைக்கல்லூரியில் பயின்றவருமல்லர். 1913இல் கில்கென்னி மாவட்டத்துக் கேலன் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், வங்கி எழுத்தராக ஊர் ஊராக மாற்றப்பட்டார். 1940களில் காசநோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. அக்காலத்தேதான் ஓவியம் அவருக்கு வாழ்வாயிற்று. அதன்பின்னும் பகலில் கணக்கேடும் மாலையில் வண்ணமுமாகப் பல்லாண்டுகள் கழிந்தன. நலக்குறைவால் 1958இல் வங்கிப் பணியினின்று ஓய்வு பெற்றார். 1960இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பகுதியில், செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு.

செயின்ட் ஐவ்ஸ் அக்காலத்தில் பிரிட்டனின் புத்தோவியக் களம். பார்பரா ஹெப்வொர்த், பாட்ரிக் ஹெரன், பீட்டர் லேன்யன் முதலியோர் அங்கும் அருகிலும் வாழ்ந்தனர். ஆதலின், ஓ'மாலி அருவமுறையை அங்குக் கற்று, அயர்லாந்து நிலத்தின்மேல் ஏற்றினார் என்று எழுதிச் செல்லுதல் எளிது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. லேன்யன் அம்மண்ணிலேயே பிறந்தவர். ஒரு துறைமுகத்தை ஒரே இடத்தினின்று நோக்காது, சுற்றி நடந்தும் ஏறியும் இறங்கியும் பெற்ற அறிவனைத்தையும் ஒரே பரப்பில் திரட்டியவர். 1951இல் வரைந்த 'போர்த்லெவன்' இதற்குச் சான்று. பின்னர்ப் பொறியற்ற வானூர்தியில் பறக்கக் கற்று, நிலத்தை வானிலிருந்தும் உணர்ந்தார். அவ்வூர்தி விபத்தே 1964இல் அவர் உயிரைக் கொண்டது. நண்பரை இழந்த ஓ'மாலி அவர் நினைவாகத் தீட்டிய ஓவியத்திற்கு இட்ட பெயர், குளிர்காலத்தில் வல்லூறும் அதன் இரையும் என்னும் பொருளது. நண்பரின் முகத்தை வரைய முற்படாது, பறந்தவரைப் பறவையின் வழியாக நினைந்தார். இரங்கற்பாவின் மரபறிந்தோர்க்கு இது விளங்காத செயலன்று.

ஆயினும் செயின்ட் ஐவ்ஸ் அளித்தது துணிவு. பொருளை அளித்தது அயர்லாந்து. இவ்வாறு கூற எமக்குக் காரணம் இரண்டு உள.

முதலாவது, அவருடைய ஊர் ஒன்றன்று. தாய்வழி ஊர் கேலன்: உள்நாட்டு வேளாண் நிலம், வேலி சூழ்ந்த வயல்கள், இடிந்த துறவி மடம், மரங்களில் காக்கைக் கூட்டம். தந்தை வழியோ மேயோ கடலில் உள்ள கிளேர் தீவு. ஓ'மாலி குடியினர் ஒருகாலத்தில் கடலாட்சி செலுத்திய இடம். கண்முன் நின்ற ஊர் ஒன்று, சொல்லக் கேட்ட ஊர் மற்றொன்று. இவ்வகையில் வளர்ந்தவனுக்கு நிலம் என்பது சன்னலுக்கு வெளியே தெரிவது மட்டுமன்று. மேலும், அயர்லாந்தில் 60,000க்கு மேற்பட்ட சிற்றூர்ப் பிரிவுகள் உள்ளன. 1824இல் தொடங்கிய நில அளவையின்போது அவற்றின் ஐரிஷ் பெயர்கள் ஆங்கில எழுத்திலும் ஆங்கில ஒலிக்கேற்பவும் படத்தில் பதியப்பெற்றன. பொருள் மறைந்து ஓசை எஞ்சியது. பெயரே பாதி அழிந்து நிற்கும் வயலைத் தெளிவான உருவில் வரைந்தால் அது முழு உண்மை ஆகுமா என்று யாம் ஐயுறுகின்றோம்.

இரண்டாவது காரணம் இதனினும் வலியது. கில்கென்னி மாவட்டத்தில், பதினாறாம் நூற்றாண்டில் ஓ'டன்னி என்னும் சிற்பக் குடும்பத்தார் செதுக்கிய கல்லறைகள் ஜெர்பாயின்ட் மடம் முதலான இடங்களில் உள்ளன. தட்டையான கல்லில் நெருங்கிய கோடுகளால் அமைந்த மாந்தர். ஆணி, ஏணி, சுத்தியல், சேவல் என இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் கருவிகள். இவற்றை ஓ'மாலி இளமைதொட்டு அறிந்தவர். 1960களின் தொடக்கம் முதல், ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று ஓர் ஓவியம் செய்வதை நோன்புபோல் பல்லாண்டுகள் மேற்கொண்டார். அவற்றுட் பல மரப்பலகையில் அமைந்தவை. வண்ணத்தைப் பூசியதோடு நில்லாது உளியால் கீறினார், ஆணி அறைந்தார். சாம்பல், கருமை, மண்ணிறம் ஆகியவை அவற்றில் மிகுதி. சிலுவையும் உடலும் கோடுகளாகக் குறுகிவிட, அக்கோடுகள் உழுசாலையும் வேலியையும் நினைவூட்டுகின்றன. எதனை வரைந்தார் என்று வினவினால் இரண்டையும் என்றே கூறவேண்டும். குன்றின்மேல் புல்லுக்கடியில் கிடக்கும் பாத்தி வரிகளை முன்னர்க் குறித்தோம். மேற்பரப்பைக் கீறி உள்ளதைக் காட்டும் இம்முறை அவ்வரிகளுக்கு மிக நெருங்கியது. இத்தொடர்பை ஓவியர் எண்ணியே செய்தார் என்று யாம் வற்புறுத்தவில்லை. பலகையின்முன் நிற்போர்க்கு அது தோன்றாமற் போகாது.

இவரைப் போன்றோரின் மங்கிய நிறத்தையும் கலங்கிய உருவையும் 'கெல்டிக் உள்ளம்' என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிடும் வழக்கம் உண்டு. அச்சொல் எதனையும் விளக்குவதில்லை என்பது எமது துணிபு. ஓ'மாலி பின்பற்றியது மூடுபனியை அன்று. பெயர் தெரிந்த கல்தச்சரின் உளிவேலையை. இனத்தின் உள்ளம் என்பாரை நோக்கி, 1973இல் அவர் கனடா நாட்டு ஓவியர் ஜேன் ஹாரிசை மணந்தபின் நிகழ்ந்ததைக் காட்டலாம். 1970களின் நடுவிலிருந்து இருவரும் பஹாமா தீவுகளுக்குச் சென்றுவரலாயினர். அங்கே சாம்பல் நிறம் அகன்றது. நீலமும் மஞ்சளும் செம்மையும் பொங்கின. நிறம் மாறியும் முறை மாறவில்லை. அங்கும் கடற்கரைக் காட்சியை அவர் தீட்டவில்லை. நீரில் ஒளி அசைவதையும் பறவையின் குரலையும் கோடாகவும் புள்ளியாகவும் மாற்றினார்.

1990இல் கேலனுக்கு அருகிலுள்ள பிசிஷியன்ஸ்டவுன் என்னும் இடத்துக்கு நிலையாகத் திரும்பினார். 1993இல் அயர்லாந்துக் கலைஞர் பேரவையான ஏஸ்டானா அவருக்குத் தன் உயர்ந்த பட்டமான 'சீ' என்பதை வழங்கியது. அதனினும் எமக்குக் குறிக்கத்தக்கதாகத் தோன்றுவது வீட்டுத் தோட்டத்தில் இருந்த குளம். பஹாமாவின் வண்ணங்கள் அக்குளத்து நீரில் வந்து கலந்தன. கில்கென்னியின் பழுப்பும் அவற்றோடு நின்றது. 2003இல் மறையும்வரை, எண்பது வயதைக் கடந்த முதுமையிலும், அந்நீரின் மேற்பரப்பையே மீண்டும் மீண்டும் தீட்டிவந்தார். கரை எங்கு முடிந்து நிழல் எங்குத் தொடங்குகின்றது என்று அவ்வோவியங்களில் பிரித்துக் கூறுதல் அரிது.