கதிருக்கும் பக்கம் உண்டு: இப்னுல் ஹைதம் முதல் வத்திராயிருப்பு வரை

நம் மேடைகளிலும் கருத்தரங்குகளிலும் இப்னுல் ஹைதமின் பெயர் ஒலிக்காத ஆண்டில்லை. ஒளியியல் முழுவதையும் அவரே கண்டு முடித்துவிட்டார், மேனாட்டார் அதைப் பெயர்த்து எழுதிக்கொண்டனர் என்னும் அளவுக்குப் பேச்சு நீள்வதும் உண்டு. ஒருவர் சொல்லாததை அவர்மீது ஏற்றிச் சொல்வதை ஹதீஸ் கலை எத்துணைக் கடுமையாகக் கண்டித்தது என்பதை நாம் அறிவோம். அறிவியல் வரலாற்றில் மட்டும் அத்தளர்ச்சிக்கு ஏன் இடந்தர வேண்டும்? அவர் கண்டதையும் காணாததையும் பிரித்தறிவதே அவருக்கு நாம் செய்யும் நீதி. காணாதவற்றுள் ஒன்று ஒளியின் தளவிளைவு. இன்று மதுரைச் சமவெளியின் கண்மாய்களில் நீர் நிற்கிறதா என்பதை விண்ணிலிருந்து அறியவும் அதுவே துணையாகிறது. ஆதலின் அதன் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

ஹிஜ்ரி 354 (கி.பி. 965) அளவில் பஸராவில் பிறந்து காஹிராவில் மறைந்த அப்பெருமகனார், ஏழு பாகங்கள் கொண்ட தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், கண்ணிலிருந்து புறப்படும் கதிரால் நாம் காண்பதில்லை, பொருளிலிருந்து கண்ணை வந்தடையும் ஒளியாலேயே காண்கிறோம் என நிறுவினார். சோதித்துப் பார்த்து எழுதுவது அவர் வழக்கம். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ அந்நூலை ஆராய்ந்து ‘தன்கீஹுல் மனாழிர்’ எழுதினார். நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை மழைத்துளியாகக் கொண்டு வானவில்லை விளக்கினார்.

ஒளி ஓர் அலை. கட்டிய கயிற்றின் முனையை மேலும் கீழும் ஆட்டினாலும், பக்கவாட்டில் ஆட்டினாலும், அலை ஒரே திசையில்தான் ஓடும்; அசையும் தளம் மட்டுமே வேறுபடும். கதிரவன் ஒளியில் எல்லாத் தளங்களும் கலந்துள்ளன. அது நீரில் பட்டு மீளும்போது ஒரு தளம் மேலோங்குகிறது. இதனையே தளவிளைவு என்பர். நைல் நதியின் பளபளப்பிலும் வானவில்லிலும் அவ்வறிஞர் இருவரின் கண்முன்னும் அது இருந்தது. ஆயினும் கருவியின் துணையின்றி மனிதக் கண் அதைப் பிரித்தறிவது மிக அரிது. தேனீயின் கண் அறியும். வானத்து ஒளியின் தளத்தைக் கொண்டு அது திசை காண்பதை 1949இல் கார்ல் வான் ஃபிரிஷ் வெளியிட்டார். (இதனை உடனே அந்நஹ்ல் அத்தியாயத்தில் ஏற்றிப் பேச விரைவோர் சற்றுப் பொறுப்பார்களாக!)

வாயில் திறந்தது ஒரு கல்லால். ஐஸ்லாந்திலிருந்து கிடைத்த தெளிந்த கால்சைட் படிகத்தின் வழியே நோக்கினால் ஓர் எழுத்து இரண்டாகத் தெரிவதை 1669இல் டென்மார்க்கின் பார்த்தோலின் எழுதினார். 1808இல் பாரிஸில் எத்தியேன் மாலூஸ் அத்தகைய படிகத்தின் வழியே, லக்ஸம்பர்க் மாளிகைச் சாளரங்களில் பட்டு மீண்ட கதிரவன் ஒளியை நோக்கினார். கல்லைத் திருப்பத் திருப்ப, இரு பிம்பங்களில் ஒன்று மங்கி மற்றொன்று ஒளிர்ந்தது. கதிருக்கும் பக்கம் உண்டு! இந்த மாலூஸ், 1798இல் எகிப்தின்மீது படையெடுத்த நெப்போலியனின் சேனையில் பொறியாளராக வந்தவர். இப்னுல் ஹைதம் வாழ்ந்த மண்ணை மிதித்தவர் என்பதனாலேயே அங்கு ஏதோ சுவடியைக் கண்டெடுத்தார் எனக் கதை கட்டுவது நமக்கு வேண்டாம்.

பெயர் வந்த வழியும் சுவையானது. மாலூஸ் ஒளியைத் துகள் எனக் கருதினார். காந்தம்போல் அத்துகளுக்கும் முனைகள் இருப்பதாக எண்ணி, முனை என்னும் பொருள்தரும் சொல்லாலேயே பெயரிட்டார். பின்னர் யங்கும் ஃபிரெனெலும் அது குறுக்கலை எனக் காட்டிய பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. அரபியர் அதனைப் பின்பற்றி, ‘குத்பு’ என்பதன் அடியாக ‘இஸ்திக்தாப்’ என்றனர். குத்பு நாயகத்தின் நினைவோடு வளர்ந்த நம் மாணவர்க்கு அச்சொல் சிறிது மயக்கந்தரும். தமிழ்ப் பாடநூல்களின் ‘தளவிளைவு’ உள்ளதை உள்ளபடி சொல்கிறது; இதில் அரபியினும் தமிழே முந்துகிறது என்பது நம் துணிபு.

இவ்வறிவு நம் வட்டாரத்தையும் தொட்டது. திருமங்கலத்தில் மதுரைச் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று விருதுநகருக்கும் மற்றொன்று கல்லுப்பட்டி, திருவில்லிபுத்தூர் வழியே கொல்லத்திற்கும் செல்லும். இரண்டாம் சாலையில் கிருஷ்ணன்கோவிலிலிருந்து மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. கே. எஸ். கிருஷ்ணன் 1898இல் அவ்வூரில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். அவர் பின்னர் கல்கத்தாவில் சென்று சேர்ந்த சர் சி. வி. ராமன், 1921இல் கப்பற்பயணத்தில் நிக்கல் பட்டகம் ஒன்றைக் கையில் வைத்துக் கடலை நோக்கியவர். வானத்தின் பிரதிபலிப்பே கடலின் நீலம் என்பது ராலே பிரபுவின் கருத்து. நீர்ப்பரப்பில் மீளும் ஒளியைப் பட்டகத்தால் தடுத்த பின்னும் நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என ராமன் முடிவு கட்டினார்.

1928 பிப்ரவரியில் ராமனும் கிருஷ்ணனும் திரவங்களில் நிறம் மாறிச் சிதறும் மெல்லிய ஒளியைக் கண்டபோது, அது வெறும் ஒளிர்வுதானோ என்னும் ஐயம் எழுந்தது. அந்த ஒளி வலுவாகத் தளவிளைவுற்றிருந்தது. அஃது உண்மையான சிதறலே என்பதற்கு அதனை ஒரு சான்றாக ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய குறிப்பில் இருவரும் காட்டினர். 1930இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே சென்றது. கிருஷ்ணனோ 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அவர் பெயரை நம் வட்டார மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்?

ரேடியோ அலையும் ஒளியின் இனமே. அதனை வேண்டிய தளத்தில் அனுப்பவும், மீள்வதை வேண்டிய தளத்தில் பெறவும் இயலும். வடகிழக்குப் பருவமழையில் மேகம் மூடிய நாள்களில் சாதாரணக் கேமராவுக்கு நிலம் தெரியாது. ரேடார் அலை மேகத்தை ஊடுருவும். 2012 ஏப்ரல் 26 அன்று இந்தியா ஏவிய ரிசாட்-1, ஏறத்தாழ 5.6 செ.மீ. அலைநீளத்தில் சுழல்தள அலையை அனுப்பி, மீள்வதைக் கிடையிலும் செங்குத்திலும் தனித்தனியே பெறும் திறன் கொண்டிருந்தது. அதன் வழியில் 2022இல் இ.ஓ.எஸ்-04 சென்றது.

கண்மாய் அமைதியாக இருந்தால் சாய்வாக வரும் அலையைக் கண்ணாடிபோல் அப்பால் தள்ளிவிடும். படத்தில் நீர் கறுப்பாகத் தெரியும். காற்றில் சிற்றலை எழுந்தாலோ, செங்குத்தில் அனுப்பிச் செங்குத்திலேயே பெற்ற படத்தில் அது வெளுத்துக் கரை நிலத்தோடு கலந்துவிடும். தளம் மாறி மீள்வதை மட்டும் பெற்ற படத்தில் நீர் பெரும்பாலும் இருண்டே நிற்கும். இலையும் கிளையும் அடர்ந்த இடமே அதில் வெளிச்சம் காட்டும். நடவு வயல் முதலில் நீராக இருண்டு, பயிர் வளர வளர வெளுக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் ரேடார் படங்களைக் கொண்டு தமிழகத்தின் நெற்பரப்பைக் கணித்தது இவ்வழியில்தான். பயிர்க் காப்பீட்டிலும் அக்கணிப்பு பயன்பட்டுள்ளது. உழவரின் இழப்பு ஏட்டில் ஏறுவதற்கு ஓர் அலையின் தளமும் சாட்சியாகிறது.

நம் கண்மாய்களில் சிக்கல் வேறு. சீமைக் கருவேலம் மண்டியவிடத்தில் அடியில் நீர் தேங்கினாலும், குறுகிய அலை மேற்கிளைகளிலேயே சிதறிவிடுவதால் அந்நீர் பெரும்பாலும் படத்திற்கு எட்டாது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார் செயற்கைக்கோளின் இரு ரேடார்களுள் ஒன்று ஏறத்தாழ 24 செ.மீ. அலை கொண்டது. அவ்வலை கிளைகளைக் கடந்து, நீரிலும் அடிமரத்திலும் இருமுறை பட்டு மீளக்கூடும். அவ்வாறு மீளும்போது கிடைத்தளத்தின் எதிரொலி செங்குத்தினும் வலுத்திருக்கும். அடுத்த மழைக்காலத்தில் திருமங்கலம் வட்டாரத்துக் கருவேலங்காட்டுக் கண்மாய்களுக்கு அவ்விரு தளப் படங்களையும் ஒப்பிட்டு நோக்குவது நம் கல்லூரி மாணவர்க்கும் இயலக்கூடிய ஆய்வே.