திண்டுக்கல் பகுதியில் பயிலும் இடங்களும் முறைகளும்

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் படிப்பு நடந்த இடங்கள் திண்ணை, மிஷன் பள்ளி, தொழிற்கூடம், தெருவிளக்கடி, நூலகம் எனக் காலந்தோறும் மாறி வந்தன. இடத்தோடு படிக்கும் முறையும் மாறியது. யார் படிக்கலாம் என்பதும் மாறியது. 1985 வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்ததால், இதன் பழைய கல்வி வரலாறு மதுரையோடு பிணைந்தது.

திண்ணைப் பள்ளி

ஆசிரியர் வீட்டுத் திண்ணையே வகுப்பறை. பரப்பிய மணலில் பிள்ளை விரலால் எழுதிக்கொண்டே எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லும். விரல் பழகிய பின் ஓலையும் எழுத்தாணியும். இடக் கட்டைவிரல் நகத்தில் வெட்டிய பள்ளத்தில் எழுத்தாணி பதிந்து நிற்க, எழுத எழுத ஓலை நகரும். கீறிய கோட்டில் கரியைத் தேய்த்தால் எழுத்து துலங்கும். எண்சுவடியில் முழு எண்களோடு முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) ஆகிய பின்னங்களும் மனப்பாடம். நெல்லையும் நிலத்தையும் கணக்கிட அவை வேண்டியிருந்தன. இளையவர்களுக்கு மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுப்பான். மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் நடத்திப் பார்த்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1797-இல் எழுதிய நூலின் வழியே அது 'மதராஸ் முறை' என இங்கிலாந்தில் பரவியது.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணம் முழுவதிலும் 1,88,650 பேர் படித்தனர். அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே.

மிஷன் பள்ளி

1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் விரைவிலேயே திண்டுக்கல்லிலும் நிலையம் அமைத்தது. இயேசு சபையினரும் பள்ளி நடத்தினர். அச்சுப் புத்தகம், மணியடித்து மாறும் பாடவேளை, வகுப்புவாரித் தேர்வு ஆகியவை வழக்கத்துக்கு வந்தன.

காந்திகிராமம்

கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் 1937-இல் முன்வைத்தார். அந்த வழியில் மருத்துவர் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.இராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினர். தக்களியில் நூற்ற நூலை அளப்பதே கணக்குப் பாடம். பருத்தி விளையும் மண்ணே புவியியல். 1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையம் உருவாகி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் கிராமங்களில் தங்கியும் கற்கின்றனர்.

நூலகமும் தெருவும்

சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. உரக்கப் படித்துப் பழகிய ஊரில் வாய்க்குள் படிப்பதற்கென ஓர் இடத்தைப் பொது நூலகம் தந்தது. இன்று டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்போர் சொந்தப் புத்தகங்களோடு காலையிலேயே வந்து இடம்பிடிக்கின்றனர். 1990-களில் தமிழகமெங்கும் பரவிய அறிவொளி இயக்கம், பகலெல்லாம் கூலிவேலை செய்தவர்களை இரவில் தெருவிளக்கடியில் கையெழுத்திடப் பழக்கியது.

இல்லம் தேடிக் கல்வி

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியும் எட்டாத பிள்ளைகள் பின்தங்கினர். அவர்களுக்காக 2021 அக்டோபர் 27-இல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாலை நேரத்தில் வீட்டு முற்றத்திலும் திண்ணையிலும் வகுப்பு நடந்தது. ஆனால் இது பழைய திண்ணை அன்று: எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஆணும் பெண்ணுமாக ஒன்றாக உட்கார்ந்தனர், சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் அதே தெருப் பெண்கள்.