சந்தையும் ஷாண்டியும்

நீலகிரியைப் பற்றி எழுதப் புகுவோருள் ஒரு சாரார், 1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் அம்மலையில் ஏறுவதற்கு முன் அங்கே கொடுக்கல் வாங்கலும் இல்லை, அதனைக் குறிக்கும் சொல்லும் இல்லை என்ற முடிவோடு எழுதுகோலை எடுக்கின்றனர். தேயிலையையும் ரயில் பாதையையும் பொறுத்தமட்டில் ஆங்கிலேயருக்கு உரிய பெருமையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும், உதகையிலும் குன்னூரிலும் கூடும் சந்தைக்குப் பெயரும் அவர்களிடமிருந்தே வந்ததென்றும், அவர்கள் 'ஷாண்டி' என்று வழங்கியதையே மலைமக்கள் 'சந்தை' என்று திரித்துக்கொண்டனர் என்றும் சிலர் மேடையில் பேசுவதோடு அமையாமல் அச்சிலும் ஏற்றி வருவதைக் காணும்போது, வாளாவிருத்தல் தகாது என்று தோன்றுகிறது.

இக்கூற்றை மறுக்க நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. சென்னை மாகாணத்து ஆங்கிலப் பதிவேடுகள் நீலகிரிச் சந்தையை மட்டுமன்றிச் சமவெளியில் கூடிய வாரச்சந்தைகளையும் ஷாண்டி என்றே எழுதின. பொள்ளாச்சிச் சந்தைக்கும் ஈரோட்டுச் சந்தைக்கும் ஆங்கிலேயரா பெயரிட்டனர்? அவர்தம் தாய்நாட்டில் ஷாண்டி என்பது பியரோடு இஞ்சிப் பானம் கலந்த ஒரு குடிவகை. 'ஷாண்டிகாஃப்' என்பதன் குறுக்கம். அதற்கும் கொள்வினை கொடுப்பினைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அன்றியும், ஆங்கில ஷாண்டியில் உள்ள மெல்லிய டகர ஒலியே அது தமிழர் வாயிலிருந்து கேட்டு எழுதப்பட்டது என்பதற்குச் சாட்சி. நகரத்தை அடுத்த தகரத்தை மெலித்து ஒலிப்பது தமிழர் இயல்பு. கன்னடத்தாரிடமோ தெலுங்கரிடமோ கேட்டிருந்தால் ஆங்கிலேயர் வல்லொலி வைத்தே எழுதியிருப்பர். இந்த ஒலிநுட்பமே நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோலாகவும் அமைகிறது.

சந்தா செலுத்திக் கடை வைக்கும் இடமாதலின் சந்தை எனப்பட்டது என்பார் ஒருவர். சந்தா பாரசீகத்தின் வழியே வந்த சொல். முகம்மதியர் ஆட்சிக்குப் பின்னரே நம்மிடையே புகுந்தது. சந்தையோ அதற்கு முன்னரே தென்னாட்டில் வேரூன்றியது. ஆகவே அக்கருத்து நில்லாது.

மக்கள் சந்திக்கும் இடம் சந்தை என்பது மற்றொரு கொள்கை. பள்ளிப் பிள்ளைகள் முதல் பட்டம் பெற்றோர் வரை பலரும் ஐயமின்றிச் சொல்வது இதுவே. இவர்கள் வடமொழிச் சந்தி என்பதை மூலமாகக் கொள்வர். சந்து என்னும் சொல்லைத் தனித்தமிழ் எனக் கொண்டு அதினின்று சந்தை பிறந்தது என்பார் இவர்க்கு அண்டை வீட்டார். முச்சந்தி, நாற்சந்தி என்னும் வழக்குகளும், தூதனைச் சந்து என்று கூறும் மரபும், வீரசோழியத்துச் சந்திப்படலமும் இவர்களுக்குத் துணையாக வந்து நிற்கும். கேட்பதற்கு இனிதாயிருத்தல் ஒன்றே ஒரு சொற்பிறப்புக்குப் போதிய பிரமாணம் ஆகுமாயின், இவர்கள் கூற்றை ஏற்கத் தடையில்லை.

தடை யாதெனில், தமிழ் எழுத்து மறைத்துவிடுகிற ஒரு பேதம். 'தந்தை' என்னும் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: முதலில் நிற்கும் தகரம் வல்லொலி, நகரத்தை அடுத்து நிற்கும் தகரம் மெல்லொலி. நாம் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுகிறோம். கன்னடமும் தெலுங்கும் வேறு வேறு எழுத்தால் எழுதுகின்றன. அவ்விரு மொழிகளிலும் சந்து, சந்தி என்பன மெல்லொலித் தகரம் கொண்டவை. ஆரவாரத்தைக் குறிக்கும் சந்தடி என்பதும் தெலுங்கில் மெல்லொலியோடுதான் நிற்கிறது. ஆனால் வாரச்சந்தையைக் குறிக்கும் கன்னடச் 'சந்தெ'யும் தெலுங்குச் 'சந்த'வும் ஐயத்திற்கிடமின்றி வல்லொலித் தகரம் உடையன. ஒரே வேரிலிருந்து பிறந்திருந்தால், இரு மொழியாரும் ஒருசேரச் சந்துக்கு ஓரொலியும் சந்தைக்கு வேறொலியும் வைத்துக் காத்து வருவானேன்? தமிழ் எழுத்தை மட்டும் கண்டு வேர்காண முயல்வோர் இடறி விழும் இடம் இதுவே.

ஈற்றையும் நோக்குவோம். சந்தியிலிருந்து வந்ததாயின் ஈறு இகரமாகவே நின்றிருக்கும். ஐகாரம் ஏறக் காரணமில்லை. தமிழில் ஐ, கன்னடத்தில் எ, தெலுங்கில் அ என்று ஈறு முறையாக மாறி நிற்பது, மாலை, சபை முதலிய ஆகார ஈற்று வடசொற்கள் நம் நாட்டிற்கு வந்த வழியைக் காட்டும். தலை, தலெ, தல எனத் தென்சொற்களும் இவ்வொழுங்கில் வருதலின் ஈறு ஒன்றே முடிவு கூறாது என்பது மெய்யே. ஈறும் வல்லொலியும் பொருளும் மூன்றும் ஒருங்கே ஒரு சொல்லைச் சுட்டும்போதுதான் துணிவு பிறக்கும். அவ்வாறு சுட்டப்படும் சொல் 'சம்ஸ்தா' என்பது.

சம்ஸ்தா என்றால் கூடி நிற்றல். அதனால் ஒழுங்குபட்ட நிலை என்றும் பொருள்படும். ஸ்தம்பம் தம்பமாகவும், ஸ்தலம் தலமாகவும் ஆனமை அறிந்தோர்க்கு, சம்ஸ்தா சந்தெயாகவும் சந்தையாகவும் ஆனது வியப்பளிக்காது. பொருட்பொருத்தத்திற்கு என்ன சான்று என்பார்க்குக் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் விடை தருகிறது. மைசூர்ச் சாமசாஸ்திரியார் 1909-இல் முதன்முதலாக அச்சிட்டு உலகுக்கு அளித்த அந்நூலின் நான்காம் அதிகரணம், சந்தையை மேற்பார்க்கும் அதிகாரியைச் 'சம்ஸ்தாத்யக்ஷன்' என்றே பெயரிட்டு அழைக்கிறது. பண்டங்கள் விற்குமிடம் 'பண்ய சம்ஸ்தா'. நிறைகோலும் அளவைகளும் பழுதுபடாமல் இருக்கின்றனவா என்று சோதிப்பது அவ்வதிகாரியின் கடமைகளுள் ஒன்று. சந்தை என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிந்த மூதாதையை யான் கண்டதில்லை.

வடசொல் என்றதும் முகம் சுளிப்பார் உளர். அவர்கள் சங்க நூல்களை மறந்தனர் போலும். மதுரைக்காஞ்சி கடைத்தெருவை நியமம் என்கிறது. மதுரைக்கு அணித்தான மாங்குளத்துத் தமிழிப் பொறிப்பில் வெள்ளறை நிகமத்தோர் என்று வணிகர் குழு குறிக்கப்படுவதையும் உடன்வைத்து நோக்கினால், நிகமம் என்ற வடசொல்லே நியமமாயிற்று என்பது விளங்கும். ஆவணம் என்பதும் ஆபணத்தின் வடிவமே. அக்காலத்துப் புலவரும் வணிகரும் கூசாமல் கைக்கொண்டவற்றை நாம் கண்டு அஞ்சுவதில் பொருளில்லை. நம் தொன்மையைக் காக்க அங்காடி என்னும் அருஞ்சொல் இருக்கிறது. நாளங்காடி, அல்லங்காடி எனப் பகலுக்கும் இரவுக்கும் பிரித்து வழங்கிய பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் அங்காடி வேறு, சந்தை வேறு. அங்காடி நாள்தோறும் அதே இடத்தில் இருப்பது. சந்தை குறித்த நாளில் கூடி, பொழுது சாய்ந்ததும் கலைவது. மரங்கள் அடர்ந்த சோலையில் அமைந்த புகார் நகரத்து நாளங்காடி இரண்டுக்கும் இடைப்பட்டது எனலாம். இளங்கோவடிகள் காலத்தில் சந்தை என்னும் சொல் தமிழில் வழங்கியிருக்குமாயின், அவர் அதனை அவ்விடத்தே ஆளாது விட்டிருப்பார் என்று நம்ப முடியவில்லை.

இனி, மலைக்கு வருவோம். பொருநராற்றுப்படை ஓரிடத்தில், தேனும் கிழங்கும் கொண்டுவந்தோர் அவற்றைக் கொடுத்து மீனெண்ணெயும் கள்ளும் பெற்றுச் செல்வதைக் காட்டுகிறது. அங்கே முடத்தாமக்கண்ணியார் ஆளும் வினை 'மாறுதல்' என்பது. அகநானூற்று 140-ஆம் பாட்டில் உமணர் மகள் நெல்லுக்கு உப்பை மாறக் கூவிச் செல்வதும் அதுவே. காசு இடைப்படாத இந்த மாறுதல், நீலகிரியில் நம் பாட்டன்மார் காலம் வரை உயிரோடு இருந்தது. எருமை வளர்த்த தோடர் நெய் தந்தனர். உழுத படகர் சாமையும் கேழ்வரகும் தந்தனர். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொணர்ந்தனர். கோத்தர் அரிவாளும் கோடரியும் அடித்துத் தந்தனர். கோத்தப் பெண்டிர் சட்டிபானை வனைந்தனர். தோடர், படகர் இழவு வீடுகளில் கோத்தர் குழலும் பறையும் ஒலித்தன. அறுவடைக் காலத்தில் படகர் களத்திலிருந்து கோத்தனுக்குப் பங்கு போகும். அரிவாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசுதல் அங்கில்லை. பாட்டன் வீட்டிற்குப் பாட்டன் செய்ததைப் பேரன் வீட்டிற்குப் பேரன் செய்தான்.

எனவே, மலைமேல் சந்தை என்னும் இடம் ஆங்கிலேயர் குடியேற்றத்தோடு பெருகியது என்பதை யான் மறுக்கவில்லை. பொருள் பின்னே வந்ததால் சொல்லும் பின்னே வந்ததாகும் என்பதைத்தான் மறுக்கிறேன். படகர் என்பார் வடகர். வடக்கே மைசூர்ச் சீமையிலிருந்து மலையேறியவர். அவர்கள் பேச்சு கன்னடத்தின் உடன்பிறப்பு. கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் சந்தெ கூட்டிய செய்தி இடைக்காலம் முதற்கொண்டு பயின்று வருகிறது. கன்னட அரசுக்கும் நீலகிரிக்கும் இருந்த தொடர்பும் பழையது; போசள விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன் தோடரை அஞ்சுவித்ததையும் நீலமலையைக் கைக்கொண்டதையும் கூறும் சாமராசநகர்க் கல்வெட்டு 1117-ஆம் ஆண்டினது. மலைக்கும் சமவெளிக்கும் வாயிலாய் நின்ற தண்டநாயகன் கோட்டை இன்று பவானிசாகர் நீருக்குள் கிடக்கிறது. அப்பெயரும் கன்னடப் படைத்தலைவர் இட்டுச் சென்றதே. இவ்வழியே வந்த படகர், சந்தெ என்னும் சொல்லை ஆங்கிலேயரிடம் கற்றனர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

பழைய மாறுதல் முறை பின்னர் உடைந்தது. அமெரிக்க மானிடவியல் அறிஞர் டேவிட் மண்டல்பாம் 1930-களில் கோத்தரிடையே தங்கி ஆய்ந்தபோதே அது தளர்ந்துகொண்டிருந்தது. கடைத்தெரு இரும்பு கோத்தன் உலையைத் தணித்தது. உருளைக்கிழங்கு சாமையின் நிலத்தைக் கைக்கொண்டது. கிழங்கும் கோசும் மேட்டுப்பாளையத்து மண்டிகளுக்கு இறங்கின. மண்டி என்பதை மண்டுதல் என்னும் தமிழ் வினையோடு ஒட்டுவோர் உளர். வடநாட்டு மண்டியை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சொல் எதுவாயினும், மண்டியில் விளைவித்தவன் தன் பண்டத்தின் அருகே நிற்பதில்லை. அவனுக்காகத் தரகன் நிற்கிறான், விலையையும் அவனே சொல்கிறான். இத்துன்பத்தைக் கண்டே படகர் தலைவர் ராவ் பகதூர் ஆரி கௌடர் போன்றோர் முயன்று 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நிறுவினர்.

1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் முதல்வர் கருணாநிதி தொடங்கிவைத்த உழவர் சந்தை, பின்னர் உதகைக்கும் குன்னூருக்கும் வந்தது. பஞ்சாபியர் அத்தகைய ஏற்பாட்டிற்கு 'அப்னி மண்டி' என்று பெயரிட்டனர். ஆந்திரர் அரபியையும் பாரசீகத்தையும் இணைத்து 'ரைத்து பஜார்' என்றனர். நம்மவர் சந்தை என்றது மிகப் பொருத்தம். அடையாள அட்டை பெற்ற உழவன் தானே தன் விளைவோடு நிற்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. இடத்திற்கும் தராசுக்கும் வாடகையில்லை. அன்றைய விலை பலகையில் எழுதப்படும். கௌடிலியரின் சம்ஸ்தாத்யக்ஷன் பார்த்த வேலையில் பாதி அப்பலகையிலும் அத்தராசிலும் இருக்கிறது. உதகைச் சந்தையில் கேத்திப் பள்ளத்தாக்கு உழவர் ஒருவர், தழை கிள்ளிக் கழுவிய ஈரக் கேரட்டைச் சாக்கு விரிப்பில் கொட்டி, முறிந்தவற்றைப் புறம் ஒதுக்கிக்கொண்டே, வாங்க வந்தவரிடம் தமிழில் 'சந்தை விலைதாங்க அம்மா' என்கிறார். அடுத்த இருக்கைக்காரரிடம் படகர் மொழியில் பேசும்போது அச்சொல்லே 'சந்தெ' என்று வருகிறது. ஒரே வாயில் இரு வடிவமும் உண்டு, ஷாண்டி இல்லை.

உழவரைப் போலவே கைவினையாளரும் தம் பண்டத்தின் அருகே நிற்கும் காலம் வரவேண்டும். தோடப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், மாதிரி எதுவும் வரையாமல், இழைகளைக் கண்ணாலும் விரலாலும் எண்ணியே இடும் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோத்தகிரியைத் தலைமையிடமாகக் கொண்டு பழங்குடியினர் தாமே உடைமையாளராய் நடத்தும் ஆதிமலை நிறுவனம், தேனையும் காட்டு விளைவுகளையும் விற்று 2021-இல் ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் பரிசைப் பெற்றது. இவை நல்ல தொடக்கங்கள். கோத்தன் அடித்த அரிவாளுக்கும் கோத்தப் பெண் வனைந்த சட்டிக்கும் இருக்கை ஒன்று ஒதுக்கப்படும் நாளில், பழைய மாறுதலில் பங்குகொண்டோர் யாவரும் மீண்டும் ஓரிடத்தில் கூடியவர் ஆவர்.

சந்தைக்கு உயிர், விளைவித்தவனும் வேண்டுவோனும் ஒருவரையொருவர் நோக்கிக் கூடி நிற்பதே. சம்ஸ்தா என்னும் மூலமும் அதனையே சொல்கிறது என்பது என் உறுதியான நம்பிக்கை. மாற்றுக் கருத்துடையோர் கன்னடச் சந்தெயின் வல்லொலிக்குக் காரணம் கூறிவிட்டுப் பின்னர் வழக்காடுக. அதுகாறும், நீலகிரியில் சந்தைக்குப் பெயர்ப்பலகை எழுதும் நகராட்சியாரும் விளம்பரம் அச்சிடும் அன்பர்களும் ஷாண்டி என்பதை நீக்கிச் சந்தை என்றே தமிழில் எழுத வேண்டும்.