தேனுக்குள் ஒரு சாட்சி

மாசி, பங்குனியில் மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் மரங்கள் தளிர்விடும். மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு முனையில் இனிப்பு நீர் கசியும். தேனீ பூவைத் தேடாமல் அங்கேயே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு துளித் தேனின் பயணம் அந்தக் காம்பில் தொடங்குகிறது.

தேன்பையில் சுமந்து வந்ததைத் தேனீ, பெட்டியில் காத்திருக்கும் இன்னொன்றின் வாய்க்கு மாற்றுகிறது. வாய்க்கு வாய் மாறும்போது தேனீக்களின் சுரப்பிகளிலிருந்து நொதிகள் கலக்கின்றன. நொதிகள் புரதங்களே. மகரந்தமும் சிறிது சேர்கிறது. சிறகு விசிறி நீரை வற்றவைத்து மெழுகால் மூடிய பிறகும், நூறு கிராம் தேனில் புரதம் பெரும்பாலும் அரை கிராம்கூட இருக்காது. நாக்கு அதை அறியாது.

பிறகு தேன் தகரத்துக்கும் பீப்பாய்க்கும் போகிறது. கரும்பு, மக்காச்சோளப் பாகு கலப்பது இந்த வழியில்தான். நிறமும் பிசுபிசுப்பும் அப்படியே இருக்கும்.

கலப்படத்தைக் கண்டறிய, ஆய்வகத்தில் தேனை நீரில் கரைத்து, சோடியம் டங்ஸ்டேட்டும் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். தெளிந்த கரைசலில் புரதம் பஞ்சுபோலத் திரண்டு வரும். அதைக் கழுவி உலர்த்தி எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடில் கனமான கார்பன்-13 எவ்வளவு என்று அளக்கிறார்கள். தேனையும் அவ்வாறே அளக்கிறார்கள். கரும்பும் மக்காச்சோளமும் கார்பனை வேறு முறையில் எடுப்பதால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 சற்றுக் கூடுதல். பாகு கலந்தால் தேனின் அளவு நகரும். தேனீ தந்த புரதத்தின் அளவு நகராது. இரண்டுக்கும் இடையே ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு வந்தால், ஏறத்தாழ 7 சதவீதமோ அதற்கு மேலோ கலப்படம் என்று பொருள். அமெரிக்க வேதியியலாளர் ஜோனதன் ஒயிட் 1980களின் இறுதியில் வகுத்த இந்த வழி இந்தியத் தரவிதிகளிலும் இருக்கிறது.

ஆனால் அரிசிப் பாகின் கார்பன் பூந்தேனை ஒத்தது. இந்தச் சோதனைக்கு அது சிக்காது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், 22 தேன் மாதிரிகளில் 5 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. அதனால்தான் ஒரே சோதனையை நம்பக் கூடாது.

தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும் தீக்குச்சியைத் தேனில் நனைத்துக் கொளுத்துவதும் எதையும் நிரூபிக்காது. உறைந்த தேனைக் கலப்படம் என்று ஒதுக்காதீர்கள். நல்ல தேனும் உறையும். வாங்கும் இடத்தில் ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். தேனீ வளர்ப்பவரின் உழைப்புக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.