எங்க மாவட்டத்துக்கு மேலே 37 கட்டங்கள்

2024 டிசம்பர் முதல் வாரத்தில் அரூர்ப் பக்கத்திலிருந்து மாமா போன் பண்ணினார். மரவள்ளிக் காட்டில் முழங்கால் தண்ணீர். கிணற்று மேட்டிலிருந்த ஆயில் என்ஜினும் மூழ்கிவிட்டது. "ஏம்ப்பா, புயல் பாண்டிச்சேரியிலன்னுதான சொன்னாங்க? மேல இருந்து பார்த்துட்டே இருக்கானுங்களே, சாட்டிலைட்டுல தெரியாதா?" என்றார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தருமபுரிக்கு மழை என்றால் பயம் கிடையாது. இங்கே பயமெல்லாம் மழை வராமல் போவதில்தான். தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78இல், அன்றைய சேலம் ஜில்லா பட்ட பாட்டை எங்க ஊர்ப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டது அதற்குச் சற்று முன்பு, 1875இல். அதன் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியின் அளவை வைத்துப் பருவமழையைக் கணிக்கப் பார்த்தார். மேலே இருந்து பார்க்க வழியில்லாத காலம், கிடைத்ததை வைத்துத்தானே சொல்ல முடியும்.

மேலே இருந்து பார்த்த முதல் வானிலைச் செயற்கைக்கோள் அமெரிக்காவின் டைரோஸ்-1. 1960 ஏப்ரல் 1 அன்று ஏவினார்கள். ஆனால் அந்த வகைக் கோள்கள் பூமியைச் சுற்றிக்கொண்டே போகிறவை. நம் தலைக்கு மேல் வந்தால் படம், இல்லையென்றால் இல்லை. ஒரே இடத்தில் நின்று பார்ப்பதுபோல் இருக்க வேண்டுமானால் நிலநடுக்கோட்டுக்கு மேல் 36,000 கி.மீ. உயரம் போயாக வேண்டும். இந்தியா அதற்காக 1982 ஏப்ரலில் அனுப்பிய இன்சாட்-1ஏ ஐந்தே மாதத்தில் எரிபொருள் தீர்ந்து செத்துப்போனது. அடுத்ததை, இன்சாட்-1பியை, 1983 ஆகஸ்ட் 30 அன்று சேலஞ்சர் விண்ணோடம் சுமந்து போனது. தூர்தர்ஷன் செய்தியில் இந்தியா மேல் வெள்ளை வெள்ளையாக மேகம் காட்டினார்களே, அது இந்தக் கோளின் புண்ணியம்.

அந்தப் படத்தில் எங்க மாவட்டம் எப்படித் தெரிந்திருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்சாட்-1பியின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 11 கி.மீ.க்கு 11 கி.மீ. இன்றைய தருமபுரி மாவட்டம் சுமார் 4,500 சதுர கி.மீ. (அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் இதனுடன்தான் இருந்தது, பிரிந்தது 2004இல்.) ஆக மொத்தம் 37 கட்டம். ஒகேனக்கல், பென்னாகரம், பாலக்கோடு, அரூர் எல்லாம் அந்த 37க்குள் அடக்கம். 2013இல் போன இன்சாட்-3டியில் ஒரு புள்ளி 4 கி.மீ. கட்டங்கள் 280 ஆகிவிட்டன. 2016இல் இன்சாட்-3டிஆர் சேர்ந்த பிறகு இரண்டும் மாறி மாறிப் படம் எடுத்ததில் கால் மணிக்கு ஒரு படம் கிடைத்தது.

அப்புறம் ஏன் மாமாவின் என்ஜின் மூழ்கியது?

அகச்சிவப்புப் படம் மழையைப் பார்ப்பதில்லை. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. உச்சி குளிர்ந்திருந்தால் மேகம் உயரமானது. உயரமானால் பெரும்பாலும் மழை. இது ஊகம்தான். மழையே தராத மெல்லிய உயர்மேகமும் அதே வெள்ளையில் தெரியும். புயலின் பலத்தை மேகச் சுருளின் வடிவத்தை வைத்து அளக்கும் முறையை அமெரிக்கரான டுவோராக் 1970களில் உருவாக்கினார். அது கடலுக்கு மேல் அருமையாக வேலை செய்யும். கரையேறினால் சுருள் கலைந்துவிடும், அளவுகோலும் கைவிட்டுப் போகும்.

ஃபெஞ்சலில் நடந்தது அதுதான். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே மணிக்கணக்கில் நகராமல் நின்று, பிறகு வலுக்குறைந்து மேற்கே உள்மாவட்டங்கள் பக்கம் வந்தது. "புயல்" என்ற பெயர் போனதும் பாதிப் பேர் டிவியை அணைத்துவிட்டார்கள், மாமாவும்தான். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. கொட்டியது. எங்க மாவட்டத்தின் ஆண்டு சராசரியே ஏறக்குறைய 90 செ.மீ. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில்! இந்த எண்ணிக்கையைக்கூடச் சொன்னது செயற்கைக்கோள் இல்லை, தரையிலிருக்கும் மழைமானி.

என்னைக் கேட்டால், நாம் எச்சரிக்கை என்று பழகியதெல்லாம் கடற்கரைக்கானது. 1980களில் இன்சாட் வழியாகப் புயல் எச்சரிக்கை ஒலிபரப்பும் கருவிகளை வைத்ததும் கடலோர ஊர்களில்தான். அது தப்பில்லை, அங்கேதான் உயிர்கள் போயின. உள்நாட்டுக்காரனுக்குச் செயற்கைக்கோள் வேறு விதமாகத்தான் வந்து சேர்ந்தது: 1989 முதல் பயிர்ப் பசுமையை மேலிருந்து அளந்து வறட்சியைக் கணக்கிடும் திட்டம், செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கை.

மாமாவின் போனில் இன்சாட் படம் திறக்கக் கற்றுக் கொடுத்தேன். போன ஐப்பசியில் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். "நம்ம மேல ஒரே வெள்ளையா இருக்குதுப்பா, என்ஜின கழட்டட்டுமா?" உயர்மேகமாகவும் இருக்கலாம் மாமா, அடுத்த படம் வரட்டும் என்றேன். "நீ படத்தப் பாரு, நான் கழட்டிடறேன்" என்று வைத்துவிட்டார்.