டேங்க் நிரம்பியது சென்சாருக்கு எப்படித் தெரிகிறது? பாலாற்றில் அது ஏன் சரிப்படாது?

மாடியில் டேங்க் நிரம்பியதும் கீழே மோட்டார் தானாக நின்றுவிடுகிறது. டேங்குக்குள் மிதவை கிடையாது, அசையும் பாகம் எதுவும் கிடையாது. பிறகு தண்ணீர் மட்டம் எப்படித் தெரிந்தது? இதைச் செய்யும் கருவிகளில் ஒன்றுதான் கெப்பாசிட்டிவ் சென்சார்.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் மாற்றச் சொல்வாரே, அந்தக் கெப்பாசிட்டரின் தத்துவம்தான் இதிலும். இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பொருள். அந்தப் பொருளைப் பொறுத்து, தகடுகள் சேமிக்கும் மின்னூட்டம் மாறும். காற்றுக்கு இந்த அளவு 1 என்றால் பெட்ரோலுக்குச் சுமார் 2, தண்ணீருக்குச் சுமார் 80! தண்ணீர் ஏற ஏற சேமிப்பும் கூடும். அதை அளந்தால் மட்டம் தெரிந்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், மின்சாரம் கடத்தும். அதனால் கம்பிக்கு டெஃப்ளான் மாதிரி உறை போடுகிறார்கள். அப்போது தண்ணீரே இரண்டாவது தகடாகிவிடும். உலோகம் நேரடியாகத் தண்ணீரைத் தொடாததால் அரிப்பும் இல்லை.

பிளாஸ்டிக் டேங்க் என்றால் இன்னும் சுலபம், வெளிச்சுவரில் ஒட்டினாலே போதும். ஸ்டீல் டேங்கில் அது நடக்காது, உலோகம் மறைத்துவிடும். வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்படியென்றால் ஆற்றிலும் இதையே வைக்கலாமே?

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகின்றன. பல மாதங்கள் மணல்தான் கண்ணில் படும். ஆனால் 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. அந்த மாதிரி நேரத்தில் கரையோர ஊர்களைக் காலி செய்யச் சொல்வதா வேண்டாமா என்பதை, நீர்மட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். வெள்ளத்தில் வரும் சேறு கம்பியில் அப்பிக்கொண்டால், தண்ணீர் வடிந்த பிறகும் சென்சார் ‘நிறைய இருக்கு’ என்றே காட்டக்கூடும். அடித்து வரும் மரம் கம்பியையே முறித்துவிடலாம்.

அதனால்தான் மத்திய நீர் ஆணையத்தின் தானியங்கி நிலையங்களில் ரேடார் சென்சார்களைப் பயன்படுத்துகிறார்கள். பாலத்தில் பொருத்தினால் போதும், தண்ணீரைத் தொடவே தொடாது. அலை கீழே போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து மட்டத்தைக் கணக்கிடும். அந்தக் கணக்கு சரியா என்று ஒத்துப்பார்க்க, கரையிலோ பாலத்தூணிலோ பெயிண்டில் குறித்த பழைய அளவுகோல் இன்னமும் தேவைப்படுகிறது.